ஒரு பாருவும் இரண்டு சகலைகளும்

ஆறே இழுத்துக்கொண்டு போகிற பாருவில் வேலை பார்க்கிறவனை எவரும் வேலைக்காரன் என்று ஒப்புக்கொள்வதில்லை. எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது. அம்பன் கங்கைக்குக் குறுக்கே, இந்தக் கரையில் நிற்கிற கும்புக் மரத்திலிருந்து அந்தக் கரை மாமரம் வரை, தலைக்கு மேலே ஒரு இரும்பு வடம். அதில் ஓடுகிற இரண்டு கப்பி. இரண்டு தோணியைப் பிணைத்து மேலே பலகை அடித்த மிதவைதான் பாரு. அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு கயிறு, பின்பக்கத்திலிருந்து ஒரு கயிறு, கப்பிக்கு ஒன்றாகப் போகும். பின்கயிற்றை விட்டுக்கொடுத்தால் பாரு நீரோட்டத்துக்குக் கோணலாகச் சாய்ந்து நிற்கும். சாய்ந்த விலாவில் தண்ணீர் தள்ளும். தள்ளத் தள்ள அது தானாக அக்கரைக்கு நகரும். எவ்வளவு விடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

நம்மைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிற ஒருத்தனுக்குப் பக்கத்தில் நின்று வருசக் கணக்கில் வேலை பார்த்தவர்கள் உங்களில் பலபேர் இருப்பீர்கள். கொஞ்சம்தான். ரொம்ப நன்றாகச் செய்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். அந்தக் கொஞ்சம்தான் சோற்றில் கல்லாகக் கிடந்து கடிபடும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தவன் இல்லை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானே கூட்டிவந்தேன்

கலவரத்தில் லயன் வீடுகளுக்கு நெருப்பு வைத்த வருசம், ரத்தோட்டைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரிமுத்துவும் அவன் பெண்சாதி ராணியும் ஒரு உரப்பையோடு எங்கள் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். ராணி என் மனைவி செல்லத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. ஆக, மாரிமுத்து எனக்குச் சகலை. நான் அதற்குப் பத்து வருசம் முந்தியே, பாண் ரொட்டிக்கு வரிசை நின்ற பஞ்சகாலத்தில், தோட்டத்தை விட்டு இறங்கி இந்தத் துறையில் பாருக்காரனாக ஒட்டிக்கொண்டவன். ஒருத்தனாகச் சமாளிக்க முடியாமல் இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்லம் சொன்னாள், நானும் பாருவை நடத்துகிற கந்தோரில், கவர்மெண்டு ஆபீசில், போய்ச் சொன்னேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை என்று இரண்டு பேருக்கும் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு காலைநேரம் முழுக்க அவனுக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். தோட்டத்தில் நான் மழைத்தண்ணி வடிகிற கான் வெட்டியவன். அவனோ மலையிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் இறக்கிவிடுகிற வேலை பார்த்தவன். கம்பியும் கப்பியும் கைக்குப் பழகியிருந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் போல், "நான் ஒரு தடவ பாக்கட்டுமாண்ணே?" என்றான். கொடுத்தேன். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிறதுக்குள் அக்கரை வந்துவிட்டது. பலகையில் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆடவில்லை.

அன்றைக்கு ஏறியிருந்தவர் சந்தியில் மிளகும் பாக்கும் வாங்கிற கபூர் நானா. இறங்கும்போது சாரனை உதறிக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வேலு, நீ ஏத்தினா நாங்க ஆத்தக் கடக்கிற. ஒண்ட சகலை ஏத்தினா நாங்க அக்கரைக்குப் போற."

தயிர்ச் சட்டி

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆன பிறகு நடந்ததைக் கேளுங்கள். என் நாளில் ஆள் குறைந்தது. முதலில் மழை என்று நினைத்தேன். பிறகு சந்தை இல்லாத நாள் என்று நினைத்தேன். சந்தை நாளே என் நாளாக வந்தபோதும் பாருவில் நாலு பேர்தான்.

எருமைத் தயிர் விற்கிற சுது நோனா என்று ஒரு சிங்களப் பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், சிங்களத்தில் தம்பி என்று, என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் எட்டுச் சட்டித் தயிரோடு வந்து கும்புக் வேரில் உட்கார்ந்தாள். பாருவைக் கட்டிவிட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டாம் தடவை போய்விட்டு வந்து கூப்பிட்டேன். சும்மா காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "நோனா, தயிர் நாளைக்குப் புளிச்சுப் போகும், ஏறுங்க" என்றேன். அவள் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தூக்குக்கூடையில் அடுக்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்குப் புளிச்சாலும் பரவாயில்ல மல்லி. கொட்டாதுல்ல."

ஓட்டு வீடு

எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கந்தோரிலிருந்து பியூன் வந்து ஒரு சேதி சொல்லாமல் இருந்திருந்தால். இரண்டு பாருக்காரரில் ஒருத்தரை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். நிரந்தரம் என்றால் பென்சன். அதோடு துறைக்கு மேலே, மேட்டில், கந்தோர் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற ஓட்டு வீடும் அந்த ஆளுக்குத்தான். மற்றவன் தேவைப்படுகிற நாளில் வந்து போகிற கைக்காசு ஆள்.

எங்கள் குடிசைக்குக் கிடுகுக் கூரை. மழை வந்தால் செல்லம் எங்கெங்கே பானை வைக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே வைப்பாள். அன்றைக்குச் சேதியைச் சொன்னதும் அவள் முற்றத்தில் இறங்கி, மேட்டில் இருந்த அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டு வீட்டுக்கு இரண்டு அறை, சிமெந்துத் தரை. அவனைவிடப் பத்து வருச சர்வீஸ் எனக்குத்தான் கூட என்று நான் கணக்குச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "சர்வீஸப் பாப்பாங்களா, வேலையப் பாப்பாங்களா?"

தைலம்

நான் கயிற்றை அதிகம் விடமாட்டேன். விட்டால் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று ஒரு பயம். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாரு மெதுவாகப் போனால் தலைக்கு மேலே வடத்தைக் கையாலேயே பிடித்து இழுப்பேன். சாயந்தரம் இடுப்பு இரண்டாகிவிடும். செல்லம் தைலம் போட்டுத் தேய்ப்பாள். குடிசை முழுக்க அந்த வாடைதான்.

அக்காளும் தங்கச்சியும் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போவது ஒன்றாகத்தான். அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், திரும்பி வந்த பிறகு தேய்க்கிற கையில்தான் தெரியும். அன்றைக்குக் கை மெதுவாக இருந்தது. என்ன என்றேன்.  போத்தலை வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராணி வீட்டுக்காரரு தைலமே வாங்கிறது இல்லயாம்."

ஆறு வற்றிய மாதம்

எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது, அதையும் சொல்லவேண்டும். ஒரு வருசம் ஆவணி வரைக்கும் மழை இல்லை. கங்கை வற்றி, நடுவில் மட்டும் குளம் மாதிரி ஆழமாகத் தேங்கி நின்றது. இழுப்பு இல்லை. மாரிமுத்து கயிற்றை எப்படி வைத்தாலும் பாரு தூங்கிற எருமை மாதிரி நின்ற இடத்தில் நின்றது. அவன் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்க, கரையில் ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன்.

என் நாளில் நான் வடத்தைப் பிடித்து இழுத்தேன். முப்பது பேரோடு இழுத்தேன். சைக்கிளோடு, மூட்டையோடு, ஒரு தடவை கன்றுக்குட்டியோடு இழுத்தேன். ஜனங்கள் என் நாளைக் கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர், கலேவெலப் பக்கத்துக்காரர், தினம் கடக்கிறவர். அவர் மட்டும் நான் இழுப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடிங்க டீச்சர், நம்ம வேலை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "ஆறு இருந்தா அவரு, ஆறு இல்லாட்டி நீங்க. ரெண்டு பேரும் வேணுந்தானே."

மூங்கில் மறைவு

மழை திரும்பியது. டீச்சர் சொன்ன மாதிரியே அவன் நாளும் திரும்பியது. அந்த மாதக் கடைசியில் கந்தோர் ஐயாவே துறையைப் பார்க்க வருகிறார் என்று பியூன் சொல்லிவிட்டுப் போனான். என் நாளில்தான் வருகிறாராம். எனக்கு ஒரே யோசனை. அவன் பின்கயிற்றை எவ்வளவு விடுகிறான்? அதைத் தெரிந்துகொண்டால் போதும். அவன் ஓட்டுகிற பாருவில் நான் ஏறுவதில்லை, கௌரவம். அவனிடம் கேட்பதும் இல்லை, அது அதைவிடப் பெரிய கௌரவம்.

ஐயா வருவதற்கு முந்தின நாள், கரையோர மூங்கில் புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். எறும்பு கடித்தது, அசையவில்லை. நாலு தடவை போய்வந்தான். நாலு தடவையும் சாண் சாணாக எண்ணினேன். ஐந்து சாண் விடுகிறான். நான் இரண்டுக்கு மேல் விட்டதே இல்லை. சந்தோசத்தில் வாய்விட்டு ஐந்து என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. துவைத்த துணியோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் நின்று, குந்தியிருந்த என்னைப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருத்தி ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "இன்னைக்கு அஞ்சாவது தடவையாண்ணே? கொய்யாக் கொழுந்து தின்னுங்க, நிக்கும்."

ஐயாவின் சப்பாத்து

விடிந்தது. ஐயா வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து, கக்கத்தில் ஒரு ஃபைல். கூட பியூன், டீச்சர், இன்னும் ஏழெட்டுப் பேர். இரவு மேலே ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை கொட்டியிருந்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. என் மனசு முழுக்க ஐந்து சாண். அளந்து ஐந்து விட்டுக் கட்டினேன். பாரு கிளம்பிய வேகத்தைப் பார்த்து ஐயாவே தலையை ஆட்டினார்.

நடு ஆற்றில் அது நின்றது. முந்தின நாள் தண்ணீருக்குத்தான் ஐந்து, இந்தத் தண்ணீருக்கு ஒன்பது சாணாவது விடவேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போதாமல் விட்டதால் பாரு சாயாமல் ஆற்றுக்கு விலாவைக் காட்டி நின்றது. தண்ணீர் விளிம்பேறி உள்ளே வந்தது. கரையில் மாரிமுத்து ஓடிவந்து, "பின்கயித்த விடுங்கண்ணே, பின்கயித்த" என்று கத்துகிறான். கேட்டது. கேட்டும் நான் விடவில்லை. அவன் சொல்லியா ஐயா முன்னால் நான் செய்வது? வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஐயாவின் சப்பாத்து மூழ்கியது. காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது. கடைசியில் டீச்சர்தான் எட்டிப் பின்கயிற்றின் முடிச்சைத் தட்டிவிட்டார். பாரு மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அக்கரைக்குப் போனது.

ஐயா கோபப்படவில்லை. கரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். பிறகு பியூனிடம் மெதுவாகக் கேட்டார், நாளைக்கு யாருடைய முறை என்று. பியூன் சொன்னான். ஐயா சொன்னார்: "அப்ப ராத்திரிக்கு இங்கேயே எங்கயாவது எடம் பாரு. நாளைக்குத் திரும்பிப் போவோம்."

கேட்காதது

அன்று சாயந்தரம் மாரிமுத்து குடிசைக்கு வந்தான். வெளியே போகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் ராணி ஒரு தட்டு அவித்த மரவள்ளியோடு பின்னால் வந்தாள். அவள் தட்டைச் செல்லத்திடம் கொடுக்க, அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். காலையில் வந்ததும் கும்புக் மரத்து வேரைப் பார்க்கவேண்டுமாம். எத்தனை வேர் தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று பார்த்துத்தான் அவன் கயிறு விடுகிறானாம். ஒவ்வொரு நாளும் வேறு கணக்காம். மூன்று வேர் முங்கினால் இவ்வளவு, நாலு முங்கினால் இவ்வளவு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னான்.

பதினைந்து வருசமாக நான் அந்த வேரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. மரவள்ளியை மென்றுகொண்டு, எல்லாம் தெரியும், இன்றைக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவன் எழுந்து, சாரனைத் தட்டிக்கொண்டு, குரலே உயராமல் சொன்னான்: "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேண்ணே."

மரத்தில் ஒரு துண்டு

அப்போது காலம் கெட்டுக்கொண்டு வந்தது. காட்டுக்குள்ளே அரசாங்கத்துக்கு எதிரான துவக்குக்காரர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கியைக் காட்டிக் கடையை மூடச் சொல்கிறார்கள், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். யட்டவத்தப் பக்கம் நாலு நாள் பஸ்ஸே ஓடவில்லை என்றார்கள். துறைக்கு அதெல்லாம் இன்னும் வரவில்லை. என் தலைக்குள்ளேயோ வேறு ஒன்றுதான். கந்தோரிலிருந்து கடிதம் எந்த நாளும் வரலாம்.

ஒரு நாள், அவன் நாள்தான், விடியமுன்னே முகம் கழுவ ஆற்றுக்குப் போனேன். கும்புக் மரத்தில் ஆணி அடித்து ஒரு துண்டுக் காகிதம். கையெழுத்து, சிங்களம். சிங்களம் பேசுவேன், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. கந்தோரிலிருந்துதான் என்று நெஞ்சு சொல்லியது. சப்பாத்து நனைந்த மனுசன் யார் பெயரைப் போட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு கரையும் வாசிக்கிற மாதிரி மரத்தில் அடித்து வைத்திருக்கிறான்களே என்று வயிறு எரிந்தது. ஒரு நாளாவது தெரியாமல் இருக்கட்டும். ஆணியோடு பிடுங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பினால் மாரிமுத்து வேலைக்கு இறங்கி வருகிறான். வேரைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இன்னைக்கு என் நாளாச்சேண்ணே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

நானா வாசித்தது

மத்தியானம் வரைக்கும் தாங்கினேன். துண்டு இடுப்பில் இருந்து சுட்டது. எவ்வளவு பென்சன் என்று போட்டிருப்பான், ஓட்டு வீடு எப்போதிருந்து என்று போட்டிருப்பான் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் நடந்து சந்திக்குப் போனேன். கபூர் நானாவுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும்.

மிளகைச் சுளகில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்து, "நானா, இதில மாரி பேரு எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாதியில் எழுந்து போய்க் கடைப் பலகை இரண்டைச் சார்த்தினார். திரும்ப வந்து மிச்சத்தையும் வாசித்தார். எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். ஏழு நாளைக்குப் பாரு ஓடக்கூடாது என்றும், ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கமாட்டான் என்றும் எழுதியிருக்கிறது என்றார். எனக்கு அது காதுக்குள் போய் உட்காரவே நேரம் பிடித்தது. நானா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இண்டைக்கு யாருட நாள், வேலு?"

கும்புக் மரத்தடியில்

ஓடினேன். அந்த வயசில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. துறையில் பாரு கட்டியிருந்தது. ஏறி வந்த சனம் எல்லாம் தரையில் உட்கார்த்தப்பட்டிருந்தார்கள். சுது நோனா சட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் துவக்கோடு. மாரிமுத்து மரத்தடியில் முழங்காலில். பாருவின் பின்கயிற்றையே அவிழ்த்து அவன் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். துண்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வேண்டுமென்றே ஓட்டினாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவர்கள் என்னை இன்னும் பார்க்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றேன். மேட்டில் ஓட்டு வீடு தெரிந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோசனம் இல்லை. பிறகு கால் தானாக இறங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போய், துண்டை நீட்டி, "நான்தான் கழட்டினேன், அவனுக்குத் தெரியாது" என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்றான் அவர்களில் பெரியவன். காற்றில் விழுந்து கிடந்தது என்றேன். அவன் துண்டில் இருந்த ஆணி ஓட்டையைக் காட்டினான். அதற்கு மேல் பொய் வரவில்லை. மாரிமுத்துவுக்கு வேலை நிரந்தரமான கடிதம் என்று நினைத்தேன், யாரும் பார்க்கக்கூடாது என்று ஒளித்தேன் என்றேன். நல்ல வேளை, அழுதுகொண்டே சொன்னேன்.

அவன் நம்பவில்லை. சனத்தைப் பார்த்து, உண்மையா என்று கேட்டான்.  சுது நோனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உண்மைதான் மகனே. இவனுக்கு அவன்மேல எரிச்சல். ரெண்டு கரைக்கும் தெரியும்." டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். மூங்கில் மறைவில் குந்தியிருந்து ஐந்து என்றதை இன்னொருத்தி சொன்னாள். ஐயாவின் சப்பாத்து வரைக்கும் வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்ல, என் மானம் மூட்டை அவிழ்ந்த நெல்லாகக் கரை முழுக்கக் கொட்டியது. நான் மறுக்கவில்லை. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்றுதான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவன் முதலில் வாயை இறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். மாரிமுத்துவின் கையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, துண்டை என் சட்டைப் பையிலேயே செருகி, அவனைப் பார்த்துச் சொன்னான்: "வீட்டுக்குள்ளேயே இப்பிடி ஒருத்தன் இருக்கும்போது ஒனக்கு நாங்க எதுக்கு?"

ஏழு நாள்

ஏழு நாள் பாரு ஓடவில்லை. நான் துறைப் பக்கமே போகவில்லை. செல்லம் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். அக்காளும் தங்கச்சியும் துவைக்கப் போகிற இடம் மாறவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அவள் பானையைத் தட்டினாள்.

நாலாம் நாள் மாரிமுத்து வந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் நீலமாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க மூன்று நாளாக வாக்கியம் அடுக்கி வைத்திருந்தேன். அவன் அதற்கு இடம் விடவில்லை. முற்றத்தில் குந்தி, ஈர்க்கால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். நெஞ்சில் இருந்தது ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. தலையைத் தூக்காமல் கேட்டான்: "நெசமாவே அது வேலைக் கடிதாசியா இருந்திருந்தா, எப்பண்ணே குடுத்திருப்பீங்க?"

கடிதம்

உண்மையான கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. என் நாளில், பியூன் கையில். கந்தோர் முத்திரையோடு, மாரிமுத்து பெயருக்கு. என்னிடமே கொடுத்து, சகலையிடம் கொடுத்துவிடு என்றான். பாருவை நடுப்பகலில் கட்டிப்போட்டுவிட்டு, சனம் கரையில் நின்று கூப்பிடக் கூப்பிட, அவன் குடிசைக்கு ஓடிப்போய்க் கையில் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். ராணி உள்ளே போய்விட்டாள்.  திரும்பிப் போய்ப் பாருவை அவிழ்த்தேன்.

அந்த வாரம் அவர்கள் ஓட்டு வீட்டுக்கு ஏறினார்கள். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தால் எங்கள் பானை, பாய், பெட்டி எல்லாம் முற்றத்தில் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு அறை இருக்கிறது, ஒன்று உங்களுக்கு என்று ராணி வந்து சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்காமல் செல்லம் சரி என்றுவிட்டாள். நான் வரமாட்டேன், அவன் வீட்டில் நான் எப்படிப் படுப்பது என்றேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. செல்லம் பெரிய மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "நடங்க. யாரு பேருல இருந்தா என்ன, ஓடு ஒழுகுதான்னு மட்டும் பாருங்க."

ஓடு ஒழுகவில்லை, இருபது வருசத்துக்குமேல் அதன் கீழே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், மாரிமுத்து என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதையும் என்றைக்கோ பொறுத்துக்கொண்டுவிட்டேன், ஆனால் அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்ததை மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.